தார் கேட்பதற்கு முன் வாய்க்காலைப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துச் சபைகளுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: "எமது வீதி குன்றும் குழியுமாக உள்ளது. தயவுசெய்து ஆவன செய்யவும்." நான் ஓர் உள்ளூராட்சிச் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவன். இப்போது எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளராக அதே சபைக்குக் கடிதம் எழுதுகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை வைத்து எவராலும் ஒரு வேலையும் தொடங்க முடியாது. எந்த இடம், எவ்வளவு நீளம், எதனால் உடைந்தது என்ற விபரம் எதுவும் அதில் இல்லை. மதிப்பீடு இல்லாமல் பணம் ஒதுக்க மாட்டார்கள். இடமும் அளவும் தெரியாமல் மதிப்பீடு செய்ய மாட்டார்கள். கடிதம் கோப்புக்குள் போய்விடும்.

முதலில் வீதி யாருடையது என்று அறியுங்கள். கண்டி வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் சபைக்குரியவை. எங்கள் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என்று 17 சபைகள் இருப்பதால், எல்லையோரத்தில் இருப்பவர்கள் எந்தச் சபை என்றும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சபையின் வேலைப் பகுதியில் வீதிப் பதிவேடு இருக்கும். அதில் உங்கள் ஒழுங்கையின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் கடிதம் அதைச் சேர்க்கச் சொல்லித்தான் எழுத வேண்டும். பதிவில் இல்லாத வீதிக்குச் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று உத்தியோகத்தர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது.

அடுத்தது மிக முக்கியமானது. நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்குங்கள். வெயிலில் எடுத்த படத்தில் குழி மட்டும்தான் தெரியும். குழிக்குக் காரணம் மழையில்தான் தெரியும்.

யாழ்ப்பாணம் தட்டையான நிலம். தண்ணீர் வடிந்தோடச் சரிவு மிகக் குறைவு. வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டிவிடுகிறது. தார் வீதியின் பலம் தாரில் இல்லை, கீழே இறுக்கிப் போட்ட கல்லிலும் கிரவலிலும் இருக்கிறது. தண்ணீர் தேங்கி வெடிப்பு வழியாகவோ கரை வழியாகவோ உள்ளே இறங்கினால் அந்த அடித்தளம் இளகும். மேலே சில்லு அழுத்த அழுத்த அடி விலகும், தார் உடையும். வாய்க்காலைத் திருத்தாமல் குழியை மூடினால் அடுத்த மாரியில் அதே இடத்தில் குழி வரும். பொதுப்பணம் இப்படிக் கரைந்து போவதைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றும் மனம் பொறுக்காத விடயம் அதுதான்.

எங்கள் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், முடக்கடியில், ஒவ்வொரு மாரிக்கும் ஒரே இடம் உடைந்தது. மழைக்குள் நின்று தண்ணீர் வரும் வழியே நடந்தோம். முடக்குக்கு மேலே ஒரு வீட்டுப் படலையடியில், வாகனம் ஏறுவதற்காக வாய்க்காலின் மேல் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். அடியில் விட்ட குழாய் நான்கு அங்குலம். அதன் வாயில் ஒரு பொச்சுமட்டை, இரண்டு மூன்று பொலித்தீன் பைகள், அவற்றைச் சுற்றி வேப்பஞ்சருகு. வாய்க்கால் தண்ணீர் முழுவதும் அந்த இடத்தில் வீதிக்கு ஏறி, முடக்கில் வந்து குளமாக நின்றது. அந்த வீட்டு ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினோம். அவருக்கு அது தெரியவே தெரியாது. பிறகு அவர் கொங்கிரீட்டை உடைக்கச் சம்மதித்தார். குழாயை எடுத்துவிட்டு, தூக்கித் துப்புரவாக்கக்கூடிய கொங்கிரீட் மூடிகள் போட்டோம். சபை ஆட்கள் வந்து வாய்க்காலை மதகு வரைக்கும் வெட்டித் தந்தார்கள். அதற்குப் பிறகு போட்ட தார் இன்றும் நிற்கிறது.

ஆகவே படம் எடுக்கும்போது மூன்று இடங்களை விடாதீர்கள். தண்ணீர் எங்கே வீதிக்கு ஏறுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே போக வேண்டியது. அந்தக் கடைசி இடம் மதகாகவோ குளமாகவோ வெறும் வளவாகவோ இருக்கலாம். மதிலோ மண்ணோ அதன் வழியை மறித்திருந்தால் அதையும் எடுங்கள்.

சரி, இப்போது கடிதம். இந்த அளவு போதும்:

"மேற்படி ஒழுங்கையில், வைரவர் கோயிலடி மின்கம்பத்திலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 40 மீற்றர் தூரம் தார் உடைந்துள்ளது. ஒழுங்கையின் அகலம் 3 மீற்றர். கிழக்குக் கரை வாய்க்கால் இரண்டு இடங்களில் அடைபட்டுள்ளதால் தண்ணீர் வீதியில் தேங்குகிறது. முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கி, பின்னர் உடைந்த பகுதியைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மழை நேரத்தில் எடுத்த படங்களும் கைவரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன. இடத்தைக் காட்ட நாங்கள் வரத் தயார்."

அந்தக் கடைசி வசனத்தை விட வேண்டாம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவருக்குப் பல வட்டாரங்கள் இருக்கும். இடம் காட்ட ஆள் வரும் என்றால் அந்த வேலை முன்னுக்கு வரும். கடிதத்தைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் முகவரியிட்டு (மாநகர சபையென்றால் முதல்வருக்கும் ஆணையாளருக்கும்) நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எப்போது கொடுப்பது? சபையின் கணக்கு வருடம் தையில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. அடுத்த வருடப் பாதீடு வருடம் முடிவதற்குள் சபையில் நிறைவேற வேண்டும். அதற்கான பட்டியல் அதற்குச் சில மாதங்கள் முன்பே எழுதப்படுகிறது. ஆகவே பெரிய திருத்தம் கேட்பதென்றால் ஆவணிக்கு முன் கொடுத்துவிடுங்கள். மழைப் படங்களை முந்திய மாரியிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். வாய்க்கால் துப்புரவு போன்ற சின்ன வேலைக்கு எந்த மாதமும் கேட்கலாம், ஆனால் புரட்டாதிக்குள் முடிய வேண்டும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை கேட்பதற்கு உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். கடிதத்தின் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்து, மாதாந்தக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். பேசினால் கூட்டறிக்கையில் பதிவாகும். பிறகு அதைக் காட்டிக் கேட்கலாம்.

வேலை நடக்கும் நாளில் யாராவது பக்கத்தில் நில்லுங்கள். ஒழுங்கான ஒட்டு என்றால், உடைந்த இடத்தைச் சுற்றி உறுதியான தார் வரும் வரை நேராக வெட்டி, தூசியும் ஈரமும் எடுத்து, மெல்லியதாகத் தார் தெளித்து, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இயந்திரத்தால் இறுக்குவார்கள். தண்ணீர் நிற்கும் குழிக்குள் கலவையைக் கொட்டி சவளால் தட்டினால் அது மாசிப் பனி வரைக்கும் தாங்காது. அப்படி நடந்தால் தொழிலாளியோடு சண்டை வேண்டாம். மேற்பார்வையாளரை அழைத்துக் கதையுங்கள், படமும் எடுங்கள்.

குப்பை விடயத்துக்கும் வாய்க்காலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விடிய முற்றம் கூட்டுவது எங்கள் நல்ல பழக்கம். கூட்டியதை வேலிக்கு வெளியே தள்ளுவது கெட்ட பழக்கம். அந்தச் சருகு நேரே வாய்க்காலுக்குப் போகிறது. வளவுக்குள் வாழையடியிலோ தென்னையடியிலோ போட்டால் பசளை. மரக்கறித் தோலும் அப்படியே. உக்காததை மட்டும் பிரித்து, குப்பை ட்ரக்டர் வரும் நாளில் மட்டும் வெளியே வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் நாய்கள் பிய்த்துவிடும். உடைந்த போத்தலைக் கடதாசியில் தடிப்பாகச் சுற்றி, மேலே எழுதி வையுங்கள். கையால் அள்ளுகிறவர் ஒரு மனிதர், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் சிலர் அவர்களை இன்னும் ஒருமையில் கூப்பிடுகிறார்கள். அது மாற வேண்டும், அதை வீட்டிலிருந்து மாற்றலாம்.

ட்ரக்டர் ஒழுங்காக வரவில்லை என்றால் "குப்பை எடுப்பதில்லை" என்று எழுதாமல், ஒரு மாதத்துக்குக் கலண்டரில் வந்த நாளையும் வராத நாளையும் குறித்து அதை இணையுங்கள். சந்தியடிக் கடைகள் என்றால் கூட்டும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை கூட்டிவிட்டுப் போன பிறகுதான் கடைகள் திறந்து தங்கள் குப்பையைத் தெருவுக்குத் தள்ளுகின்றன. கடைக்காரர்களோடு கதைத்து, மூடும் நேரத்தில் பைகளில் கட்டி வைக்கச் செய்யுங்கள். வியாபார அனுமதி கொடுப்பது சபைதான், கேட்காதவர்களுக்கு அதை நினைவூட்டலாம். நல்லூர்த் திருவிழா நாட்களில் அவ்வளவு சனம் வந்துபோயும் கோயிலைச் சுற்றிய வீதிகள் எப்படி இருக்கின்றன என்று எல்லோரும் காண்கிறோம். நேரமும் இடமும் பொறுப்பான ஆளும் தீர்மானித்துவிட்டால் எங்கள் சபைகளால் முடியும். அதே ஒழுங்கைத்தான் மற்ற மாதங்களுக்கும் கேட்கிறோம்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, உங்கள் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை, இந்த வருடம் உங்கள் வட்டாரத்தில் திருத்த ஒதுக்கிய வீதிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பீட்டுத் தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். தராவிட்டால் அதே சபையில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

வேலை முடிந்த பிறகும் கோப்பை மூட வேண்டாம். ஒப்பந்தகாரர் செய்த வீதியென்றால், குறைகளைத் திருத்த வேண்டிய காலம் பெரும்பாலும் ஒரு வருடம் இருக்கும், அதுவரை அவருடைய பணத்தில் ஒரு பகுதியைச் சபை பிடித்து வைத்திருக்கும். அந்தத் திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள். வேலைக்குப் பின் வரும் முதல் மாரியில் மறுபடியும் குடையோடு இறங்கி, வெடிப்போ தேங்கலோ கண்டால் அந்தப் பணம் விடுபடுவதற்கு முன் படத்தோடு சபைக்கு எழுதுங்கள்.