சும்மா நின்ற எக்சிக்யூட்டர்கள்

ஒன்றாக இணைந்து வேலை செய்யும் கணினிகளின் தொகுப்பான கிளஸ்டரில் பாதி பிராசசர் கோர்கள் சும்மா கிடந்தன. ஆனாலும் இரவு வேலைகள் வரிசையில் காத்திருந்தன. தரவைப் பல கணினிகளில் பிரித்துச் செயலாக்கும் ஸ்பார்க் மென்பொருளின் கண்காணிப்புத் திரையைத் திறந்தேன். ஒரே அப்ளிகேஷன் 20 எக்சிக்யூட்டர்களை, அதாவது டாஸ்க் எனும் சிறு வேலைத்துண்டுகளை ஓட்டும் புராசஸ்களை, பிடித்து வைத்திருந்தது; அவற்றுள் 17-இல் ஒரு டாஸ்க்கூட ஓடவில்லை. தேவைக்கேற்ப எக்சிக்யூட்டர்களைக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் அலொகேஷன் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கையையே 20 என்று வைத்திருந்தோம், அதற்குக் கீழே அது இறங்கவே இறங்காது!

குறைந்தபட்சத்தை 2 ஆக்கினேன். பூஜ்ஜியம் வைக்கவில்லை, வைத்தால் ஒவ்வொரு முறையும் முதல் டாஸ்க் காத்திருக்க வேண்டிவரும். அப்புறமும் ஐந்தாறு எக்சிக்யூட்டர்கள் நகரவில்லை. காரணம், அவற்றில் கேஷ் செய்த, அதாவது மறுபடி பயன்படுத்த எடுத்துவைத்த, தரவு இருந்தது. சும்மா இருக்கும் எக்சிக்யூட்டரை விடுவிக்கும் வழக்கமான 60 விநாடிக் கெடு அவற்றுக்குப் பொருந்தாது. தனிக் கெடு வைக்காவிட்டால் அவை விடுபடுவதே இல்லை. அதை 10 நிமிடமாக வைத்தேன். அன்றிரவே வரிசை கரைந்தது, அவ்வளவு நிம்மதி.