சென்னையில் தெரு, மரம், கழிவுநீர்ப் புகார்கள்: சரியான மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி?

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைக்கிறோம். புகார் எண் வருகிறது. இரண்டு நாள் கழித்து "புகார் முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வருகிறது. தெருவில் தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கிறது. சென்னையில் இப்படி நடப்பதற்குப் பெரும்பாலான நேரம் ஒரே காரணம்தான்: புகார் வேறு துறையின் மேஜையில் போய் உட்கார்ந்திருக்கிறது. "இது எங்களுடையது இல்லை" என்று அந்தப் பொறியாளர் அதை மூடிவிடுவார். அதனால் போனை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் தெருவில் இறங்கி, பழுதான பொருள் யாருடையது என்று பாருங்கள்.

படி 1: கழிவுநீரா, மழைநீரா?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சென்னையில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் துறை. வீட்டுக் கழிவுநீர் போகும் பாதாளக் குழாய் குடிநீர் வாரியத்துடையது (மெட்ரோ வாட்டர்). மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. "சாக்கடை அடைச்சிருக்கு" என்று பொதுவாகச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் தனக்குத் தோன்றிய துறைக்கு அனுப்பிவிடுவார்.

மூடியைப் பாருங்கள். கழிவுநீர் மேன்ஹோல் பெரும்பாலும் வட்ட மூடியோடு, வண்டி ஓடும் பாதையிலேயே இருக்கும். மழைநீர் வடிகால் தெரு ஓரமாக, நடைபாதைக்கு அடியில் ஓடும்; அதன் மேல் சதுர, செவ்வகப் பலகைகளோ இரும்புச் சல்லடையோ இருக்கும். மூடியை வைத்துத் தீர்மானிக்க முடியாவிட்டால் நேரத்தை வையுங்கள். மழையே இல்லாத நாளில், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எல்லா வீட்டிலும் குளிக்கும் நேரத்தில் பொங்கினால் அது கழிவுநீர். மழை பெய்தால் மட்டும் தேங்கி, நின்றதும் மெல்ல வடிந்தால் அது வடிகால்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. வெயில் காலத்திலும் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு நிற்கும். அநேகமாக ஏதோ ஒரு கட்டடம் கழிவுநீரை வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறது. இதைத் "தூர்வாருங்கள்" என்று புகார் செய்தால் மண்ணை அள்ளிவிட்டுப் போவார்கள், ஒரு வாரத்தில் பழைய கதைதான். "மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு, கண்டறிந்து துண்டிக்கவும்" என்று எழுதி மாநகராட்சிக்கும், பக்கத்து மேன்ஹோல் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் குடிநீர் வாரியத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

கழிவுநீர்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி: அடைப்பு வீட்டு இணைப்பிலா, தெருக் குழாயிலா? சுற்றுச்சுவரை ஒட்டியுள்ள உங்கள் வீட்டின் கடைசிச் சேம்பரை (கழிவுநீர்த் தொட்டிக்குழி) திறந்து பாருங்கள். இரண்டு பக்கத்து வீட்டாரையும் அவர்கள் சேம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே நிரம்பியிருந்தால் தெருக் குழாய் அடைத்திருக்கிறது. உங்களுடையது மட்டும் என்றால் உங்கள் இணைப்பு. "வரிசையாக நான்கு வீட்டுச் சேம்பரும் நிரம்பியிருக்கிறது, ஐந்தாவது வீட்டில் காலியாக ஓடுகிறது" என்று சொன்னால், அடைப்பு அந்த நான்காவது, ஐந்தாவது வீடுகளுக்கு நடுவில் இருப்பது குடிநீர் வாரிய டிப்போ ஆட்களுக்குப் போனிலேயே புரிந்துவிடும். ஜெட்ராடிங் வண்டியோடு (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் வண்டி) நேராக வருவார்கள். தெரு மேன்ஹோலை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். மூடி கனமானது, உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும்.

படி 2: சாலை

பேருந்து ஓடாத உட்புறத் தெரு என்றால் வார்டு உதவிப் பொறியாளர், அதாவது வார்டு ஏ.இ. பேருந்து ஓடும் சாலை மாநகராட்சியிலேயே தனித் துறை. சில பெரிய சாலைகள் மாநகராட்சியிடமே இல்லை: அண்ணா சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், ராஜீவ் காந்தி சாலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம். அந்தச் சாலைகளுக்கு வார்டு அலுவலகத்தில் நின்று கேட்டுப் பயனில்லை.

மேன்ஹோலைச் சுற்றிய பள்ளம் ஒரு தனி வம்பு. மூடி உடைந்தாலோ அமுங்கினாலோ குடிநீர் வாரியம். மூடியைச் சுற்றித் தார் பெயர்ந்தால் மாநகராட்சி. இரண்டு துறையும் மற்றதைக் கைகாட்டும். இரண்டு இடத்திலும் புகார் கொடுத்து, ஒன்றின் எண்ணை மற்றொன்றில் குறிப்பிடுங்கள்.

தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளத்துக்கு, தோண்டியது எந்தத் துறை, எப்போது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோண்டும் துறை சீரமைப்புக் கட்டணத்தைக் கட்டிவிடும், சாலையைப் பழையபடி போடுவது மாநகராட்சி. எனவே புகார் வகை "சாலை வெட்டுச் சீரமைப்பு". வெறும் "பள்ளம்" என்று போட்டால் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டு முடித்துவிடுவார்கள்.

புதிதாகச் சாலை போட வரும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் எல்லாத் துறைக்கும் உத்தரவிட்டார். இப்படிச் சுரண்டும் மில்லிங்கைச் செய்யாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும், அடுத்த மழையில் தண்ணீர் வாசலைத் தாண்டும். மில்லிங் இயந்திரம் வராமலே வேலை தொடங்கினால் அப்போதே படம் எடுத்து ஏ.இ.யிடம் பேசுங்கள். தார் போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

படி 3: மரம்

கிளை கழிப்பது வேறு, மரத்தை வெட்டுவது வேறு. புகாரில் "மரத்தை வெட்டணும்" என்று எழுதினால் கோப்பு நின்றுவிடும். பொது இடத்து மரத்தை முழுதாக அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், மாநகராட்சிப் பூங்காத் துறை தானாக அதைச் செய்ய முடியாது. கிளைதான் தொல்லை என்றால் "கிளை கழித்தல்" என்றே எழுதுங்கள். மரம் பட்டுப்போனது, வேர் தூக்கிக்கொண்டு சாய்கிறது என்றால் அடிமரத்தையும் வேரையும் நெருக்கமாகப் படம் எடுத்து இணையுங்கள். முடிவெடுக்கப்போவது அதைப் பார்த்துத்தான்.

கம்பியில் உரசும் கிளைக்கு மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிப் பக்கம் இருப்பதை மட்டும் வெட்டுவார்கள். மரத்தின் பாரம் முழுக்க மறுபக்கம் போய்விடும். அடுத்த புயலில் அந்தப் பக்கமே சாயும். குல்மொகர், இயல்வாகை மாதிரி எளிதில் முறியும் மரங்களில் இந்த ஆபத்து அதிகம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களை நினைத்தால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள மனம் வராது. எனவே உங்கள் பகுதியின் பராமரிப்பு மின்தடை நாளை முதலில் கேட்டுவிட்டு, அதே நாளில் பூங்காத் துறையும் வருமாறு கேளுங்கள். இருவரையும் ஒன்றாக வரவைப்பது சிரமம்தான், ஆனால் மரம் பிழைக்கும். வெட்டிப் போட்ட கிளைகளை அள்ள 1913-இல் தனிப் புகார் போடுங்கள்.

நடைபாதைக் கற்களை அடிமரம் வரை ஒட்டிப் பதித்திருந்தால், சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் தெரியும்படி உடைத்துவிடச் சொல்லுங்கள். வடிகாலுக்குத் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிடுவது இன்னும் மோசம். பொக்லைன் வந்த அன்றே ஒப்பந்தக்காரரிடம் சொல்லி, மரத்தடியில் மட்டும் கையால் தோண்டச் சொல்ல வேண்டும்.

படி 4: புகாரை எழுதுவது

ஒரு புகாரில் ஒரே பிரச்சினை. பள்ளமும் விளக்கும் குப்பையும் சேர்த்து எழுதினால் விளக்கைச் சரிசெய்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். நல்ல புகார் இவ்வளவுதான்:

"வார்டு எண், தெருப் பெயர், கதவு எண் 14-க்கு எதிரில், விளக்குக் கம்ப எண் 7 அருகே. கழிவுநீர் மேன்ஹோல் மூன்று நாளாகக் காலை 6 முதல் 9 வரை வழிகிறது. கதவு எண் 10 முதல் 16 வரை வீட்டுச் சேம்பர்கள் நிரம்பியுள்ளன. ஜெட்ராடிங் தேவை."

கம்பத்தில் எழுதியிருக்கும் எண்தான் சிறந்த அடையாளம். தெருவிளக்குப் புகாருக்கு அது இல்லாமல் அழைக்கவே வேண்டாம். வார்டு எண் தெரியாவிட்டால் சொத்துவரி ரசீதைப் பாருங்கள், வரி எண்ணின் முதல் பகுதி மண்டலம், இரண்டாவது வார்டு. அழைக்கும்போது 1913-இலும் ஒருமுறை சரிபாருங்கள். படத்தில் பள்ளத்தோடு ஒரு கதவு எண்ணோ கடைப் பலகையோ தெரியட்டும். ஆழம் தெரிய ஓர் அடிக்கோலை நிறுத்தி எடுத்தால் இன்னும் நல்லது.

திறந்துகிடக்கும் மேன்ஹோல், விழுந்த மரம் என்றால் போன்தான்: மாநகராட்சி 1913, குடிநீர் வாரியம் 1916 அல்லது 044-45674567. மற்ற எல்லாவற்றுக்கும் நம்ம சென்னை செயலியே என் தேர்வு. படமும் இடமும் சேர்ந்து பதிவாகும், பின்னால் ஆதாரமாக நிற்கும். சமூக வலைதளத்தில் அதிகாரிகளைக் குறிப்பிட்டு எழுதுவது கூடுதல் அழுத்தம் தரும். ஆனால் புகார் எண் இல்லாமல் அதை மட்டும் செய்வது வீண்.

படி 5: நகராவிட்டால்

ஒரு வாரம் பாருங்கள். பிறகு மாநகராட்சி என்றால் ஏ.இ., உதவிச் செயற்பொறியாளர், மண்டல அலுவலர் என்று வரிசையாக ஏறுங்கள். குடிநீர் வாரியத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். முடிவெடுக்கக்கூடிய பொறியாளர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பழைய புகார் எண்களை ஒரே தாளில் தேதியோடு எழுதி எடுத்துப்போங்கள். தெருக் குழாயையே மாற்ற வேண்டிய வேலைகளுக்கு மாமன்ற உறுப்பினரின் ஆதரவும் பகுதி சபையில் (வார்டுக்குள் நடக்கும் மக்கள் கூட்டம்) ஒரு தீர்மானமும் தேவைப்படும். முதலமைச்சர் உதவி மையம் 1100-ஐ இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும் புகாரும் கடைசியில் அதே ஏ.இ.க்குத்தான் வரும்.

தகவல் உரிமைச் சட்டம் கடைசிக் கருவி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: இந்தப் புகார் எண்ணை முடித்த அதிகாரியின் பதவி, முடித்த தேதி, அப்போது பதிவேற்றிய படத்தின் நகல், இந்தத் தெருவின் பணி ஆணை நகல், ஒப்பந்தத்தில் உள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சட்டத்தின் 2(j) பிரிவின்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சாலை வெட்டுக்குத் தடை இருக்கும், ஈரத்தில் தாரும் பிடிக்காது. வடிகால் தூர்வாரலை ஜூன், ஜூலையிலேயே கேளுங்கள். அக்டோபரில் கேட்டால் மோட்டார் வைத்து இறைப்பதோடு நின்றுவிடும். தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே விட்டுப்போனால் முதல் மழையில் திரும்ப உள்ளே விழும். அள்ளும்வரை புகாரை மூட விடாதீர்கள்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் இரண்டு கேள்விகள்

"எங்கள் தெருவுக்குச் சாலையே போட மாட்டேன் என்கிறார்கள்." மனைப்பிரிவின் சாலைகளை உரிமையாளர் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாரா என்று பாருங்கள். ஒப்படைக்காவிட்டால் அது தனியார் நிலம், மாநகராட்சி செலவு செய்யாது. பத்திர நகலை வாங்கி மனுவோடு இணைப்பதே முதல் வேலை.

"எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை இல்லை, கழிவுநீர்த் தொட்டிதான்." 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பல இடங்களில் இந்த நிலை உண்டு. 14420-ஐ அழைத்து லாரி வரவழையுங்கள். எவ்வளவு குறைந்த கூலிக்கு வந்தாலும் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், வீட்டு உரிமையாளரும் அதற்குப் பொறுப்பு. லாரி வந்ததும் குழாயை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். அடியில் இறுகிய கசடு வராவிட்டால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள்.