பழைய மடிக்கணினியில் ஒரு நியூஸ்குரூப்

ஜெலுத்தோங் வீட்டில் சும்மா கிடந்த மடிக்கணினியில் டெபியன் இயங்குதளத்தைப் போட்டு, நியூஸ்குரூப் எனும் இணைய விவாதக் குழுக்களை நடத்தும் ஐஎன்என்2 (inn2) தொகுப்பை நிறுவினேன். இத்தகைய குழுக்களின் உலகளாவிய வலையமைப்பான யூஸ்நெட்டை 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்தபோது இருந்த கணினிகளைவிட என்னுடையது எவ்வளவோ மேல். ஒரு விசை மட்டும்தான் வேலை செய்யாது.

உலக யூஸ்நெட்டோடு இணைய வேண்டிய அவசியமில்லை. குடும்பத்துக்கு மட்டும் 'வீடு.சமையல்' என்றொரு குழு போதும். பெயரை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள், தொல்லை குறைவு. குழுவை உருவாக்குவது சிடிஎல்ஐஎன்என்டி நியூகுரூப் (ctlinnd newgroup) கட்டளை. அதை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) ஓட்டாமல் 'நியூஸ்' என்ற பயனராக ஓட்டுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த கட்டத்தில். என் கணினியில் எல்லாம் சரி, அக்கா நியூஸ்குரூப் படிக்கும் தண்டர்பேர்ட் செயலியில் மட்டும் இணைப்பே வரவில்லை. வைஃபையைத் திட்டி ஒரு மாலை போனது. அப்புறம்தான் பார்த்தேன்: யார் இணையலாம் என்று தீர்மானிக்கும் ரீடர்ஸ்.கான்ஃப் (readers.conf) கோப்பு முதலில் ஐஎன்என்2 ஓடும் கணினிக்கு மட்டுமே அனுமதி தரும். வீட்டுக் கணினிகளின் ஐபி முகவரி வரம்பை அதில் சேர்த்ததும் 119ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) அக்கா உள்ளே வந்து, முதல் பதிவாகவே என் ரசத்தைக் குறை சொன்னார். வெளியிலிருந்து வருவோருக்குக் கடவுச்சொல்லும் டிஎல்எஸ் குறியாக்கமும் கட்டாயம். அதற்கு 563ஆம் போர்ட்.

பதிவுகளை வெளியிடும் முன் ஒருவர் சரிபார்க்கும் மட்டுறுத்தல் வேண்டுமென்றால் குழுவுக்கு 'எம்' குறி போடுங்கள். பதிவுகள் முதலில் மட்டுறுத்துநரின் மின்னஞ்சலுக்குப் போகும். எங்களுக்குத் தேவைப்படவில்லை, அக்காவே போதும்.

எக்ஸ்பயர்.சிடிஎல் (expire.ctl) கோப்பையும் பாருங்கள். பழைய பதிவுகள் எப்போது தானாக அழிய வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். சமையல் குறிப்புகளுக்கு நான் 'நெவர்' (ஒருபோதும் வேண்டாம்) என்று வைத்திருக்கிறேன்.