கிளம்பினால் போதுமா? குளிர்காலத்துக்குக் காரைத் தயார் செய்வதில் நடக்கும் தவறுகள்

பனிக்காலம் நெருங்கினால் பலரும் முதலில் பேட்டரியைத்தான் பார்க்கிறார்கள். காலையில் செல்ஃப் எடுக்குமா, ஹீட்டர் சூடு தருமா என்பதுதான் கவலை. ஆனால் கார் கிளம்பாவிட்டால் வேலைக்குத் தாமதமாகும், அவ்வளவுதான். கிளம்பிய கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவதுதான் ஆபத்து. ஆகவே டயரிலிருந்து தொடங்குவோம்.

"என் டயரில் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்று போட்டிருக்கிறது, பனிக்கு அது போதும்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அந்த எழுத்துகள் டயரின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பரில் வெட்டிய பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துப் போடப்படுபவை. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. நீங்கள் தேட வேண்டியது, மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம். அது பனிச் சோதனையில் தேறிய டயருக்குத்தான் கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து இந்தச் சின்னம் இல்லாத டயரைக் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பனி விழுந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் தவறு. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். சாலை காய்ந்து கிடந்தாலும் பிடிமானம் குறையும்.

இதைவிட மோசமானது, செலவை மிச்சம் பிடிக்க இரண்டே டயர் வாங்கி முன்சக்கரங்களில் மட்டும் போடுவது. முன்பக்கம் சாலையைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கைத் தொட்டதும் பின்பகுதி வெளியே வீசி, கார் அப்படியே சுற்றிவிடும். நான்கையும் மாற்ற முடியாவிட்டால் பனி நாளில் வண்டியை எடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. பட்டன் ஆழத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பல நாடுகளில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். ஆனால் பனியில் அது மொட்டை டயருக்குச் சமம். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

காற்றை மறந்துவிடுகிறோம். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 25 டிகிரியில் 33 பிஎஸ்ஐ பிடித்த டயர், மைனஸ் 5 டிகிரி காலையில் ஏறக்குறைய 28தான் காட்டும். எங்கும் பஞ்சர் இல்லை, குளிர்தான் காரணம். ஓட்டிச் சூடாவதற்கு முன் அளந்து, நிறுவனம் சொன்ன அளவுக்குக் காற்றடியுங்கள். "காற்றைக் குறைத்தால் பனியில் நன்றாகப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மணலில் ஓட்டுபவர்களுக்கான யோசனை.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான். பனிக்கட்டி படிந்த சாலையில் நிற்கும் தூரம் சாதாரணமாக ஆவதைப்போல் பத்து மடங்கு வரை நீளக்கூடும். சுலபமாகக் கிளம்பிவிடுவதால் வரும் தைரியம்தான் இந்த வண்டிகளைப் பள்ளத்தில் இறக்குகிறது.

இனி பேட்டரி. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கோடை வெயில். குட்டு வெளிப்படுவது குளிரில். மைனஸ் 18 டிகிரியில் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம் ஆயில் கெட்டியாவதால் எஞ்சினைச் சுற்ற அதிக சக்தி வேண்டும். "நேற்று வரை நன்றாகத்தானே எடுத்தது" என்பதில் அர்த்தமில்லை. வாங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தால் குளிருக்கு முன்பே மெக்கானிக்கிடம் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து பேட்டரியின் பலத்தைப் பார்க்கும் சோதனை) பார்த்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்த பேட்டரி சில டிகிரி மைனஸிலேயே உறைந்துபோகும். பக்கவாட்டில் உப்பியிருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் (வேறொரு காரின் பேட்டரியோடு கேபிள் மாட்டிக் கிளப்புவது) செய்யவே கூடாது, வெடிக்கலாம். பேட்டரி உப்பாமல் நன்றாக இருந்தாலும், ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபிளின் கடைசி கறுப்புக் கிளிப்பை, கிளம்பாத காரின் பேட்டரி டெர்மினலில் மாட்டாமல், எஞ்சினின் வெறும் உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயுவுக்குப் பக்கத்தில் பொறி பறக்காமல் இருக்கத்தான் இது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் விஷயத்தில் 'அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு' என்ற கணக்கு எடுபடாது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறையும். சரிபாதி தண்ணீர் கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, காரின் கையேட்டில் சொன்ன வகைதான் சரி. முன்கண்ணாடியைக் கழுவும் வாஷர் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து பம்பையும் குழாயையும் பிளந்துவிடும்.

காலையில் முன்கண்ணாடி முழுக்கப் பனி. அவசரத்தில் கொதிநீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் போதும், நீளமாக விரிசல் ஓடிவிடும். வைப்பரைப் போட்டுச் சுரண்டப் பார்த்தால், கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் ரப்பர் கிழியும் அல்லது மோட்டார் போகும். முந்தின இரவு எஞ்சினை நிறுத்துவதற்கு முன் வைப்பரை அணைத்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக் கண்ணாடியையும் துடைத்துவிட்டே கிளம்புங்கள். ஸ்டியரிங்குக்கு நேரே உள்ளங்கை அளவு ஓட்டை போட்டுக்கொண்டு ஓட்டுவது வேண்டாம். கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பிரேக்கிலேயே மொத்தமும் சரிந்து முன்கண்ணாடியை மூடும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். குளிரில் ஏசி எதற்கு என்று தோன்றும், ஆனால் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். உள்காற்றையே சுழலவிடும் பட்டனை அணைத்து, வெளிக்காற்று வரவிடுங்கள். எல்இடி ஹெட்லைட் பனியை உருக்கும் அளவுக்குச் சூடாகாது, அதையும் கையால் துடைக்க வேண்டும்.

ஈரமான பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தலாம், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில். கோடையில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகி ஃபில்டரை அடைக்கும். குளிர்கால டீசல் வந்ததும் அதற்கு மாறிவிடுங்கள், பெட்ரோல் கலக்கும் பழைய யுக்தி இன்றைய எஞ்சினுக்கு ஆகாது. எஞ்சினைப் பதினைந்து நிமிடம் நின்றபடியே ஓடவிடவும் தேவையில்லை. கண்ணாடி தெளிந்ததும் மெதுவாக நகர்த்தினாலே சீக்கிரம் சூடாகும். மூடிய கராஜில் ஒரு நிமிடம்கூட ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வழியில் பனியில் சிக்கினாலும் ஆபத்து அதே வாயுதான். ஹீட்டருக்காக எஞ்சினைப் போடும் முன், ஒவ்வொரு முறையும் இறங்கிப்போய் சைலன்ஸர் வாயில் சேர்ந்த பனியைத் தோண்டி எடுத்துவிடுங்கள். அதற்கான சிறு மண்வெட்டி, போர்வை, டார்ச் எல்லாம் டிக்கியில் இல்லாமல் பின்சீட்டுக் காலடியில் இருக்கட்டும். டிக்கிக் கதவு உறைந்துபோனால் அவற்றை எடுக்கவே முடியாது.