ஜூனியருக்கு வழிகாட்டப் போகிறீர்களா? முதன்முறை இறங்கும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ நிர்வாகப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, நான்கைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறீர்கள். “மாணவர் ஒருவருக்கு வழிகாட்ட முடியுமா?” என்று பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. ‘நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா’ என்று அதை மூடிவிடாதீர்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள இயக்குநரைவிட, அண்மையில் நேர்காணல் அறையில் உட்கார்ந்து வியர்த்தவர்தான் மாணவருக்கு அதிகம் பயன்படுவார் என்பது என் கட்சி.

முதல் படி: நாள்காட்டியைப் பாருங்கள்

இங்கே கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான நீண்ட விடுமுறையில்தான் பெரும்பாலோர் வேலைப்பயிற்சிக்குப் போகிறார்கள். ஆனால் பெரிய வங்கிகள் பலவும் அந்தப் பயிற்சிக்கான விண்ணப்பங்களை முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன. மார்ச்சில் தேடத் தொடங்குபவருக்கு அந்தக் கதவுகள் ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கும். ஆகவே ஆகஸ்டிலேயே பேசி முடிவுசெய்யுங்கள்: மாதம் ஒரு சந்திப்பு, ஒரு மணி நேரம், மே வரை. இறுதித் தேதி முக்கியம். அது இல்லாவிட்டால் நான்காம் மாதத்தில் இருவருமே ஒருவரையொருவர் தவிர்க்கத் தொடங்குவீர்கள்.

இரண்டாம் படி: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

உங்கள் அலுவலகத்துக்கு அழைக்காதீர்கள். வரவேற்பறையிலேயே மாணவர் பாதி சுருங்கிவிடுவார். தேசியப் பல்கலைக்கழக மாணவர் என்றால், வளாகம் இருக்கும் கென்ட் ரிட்ஜ் பக்கம் ஒரு கோப்பிக் கடை போதும். உங்கள் வாழ்க்கை வரலாற்றைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: “வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?” கணினித் துறையில் படிக்கும் மகள் வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று அப்பா உறுதியாக இருந்தால், அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் தரும் யோசனைகள் எல்லாம் வீண்.

இரண்டு: “கல்விக் கட்டண மானியம் வாங்கியிருக்கிறீர்களா?” தமிழ்நாட்டிலிருந்து வந்து படிப்பவர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். கல்வி அமைச்சின் அந்த மானியத்தைப் பெற்ற வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். வேலை அனுமதி பற்றிய கவலையும் சேர்ந்திருக்கும். இதற்கு நீங்கள் தீர்வு சொல்ல வேண்டியதில்லை. கல்வி அமைச்சு, மனிதவள அமைச்சு இணையத்தளங்களை இருவரும் சேர்ந்து படித்தாலே போதும்.

மூன்றாம் படி: தன்விவரக் குறிப்பைத் தோண்டுங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்பில் இருந்ததை, ‘தமிழ்ப் பேரவை உறுப்பினர்’ என்று ஒரே வரி எழுதிவிட்டுக் கடந்துவிடுவார்கள். துருவிக் கேட்டால், ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவுக்காக ஒரு நிகழ்ச்சியையே தலையில் சுமந்திருப்பார்கள்: ஆதரவாளர்களிடம் நிதி கேட்டது, அரங்கம் பிடித்தது, கடைசி நேரத்தில் பேச்சாளர் வராமல் போக வேறு ஆள் தேடியது. கட்டாய தேசிய சேவையில் ஒரு சிறு படைப்பிரிவை வழிநடத்தியது, தேக்கா வட்டாரத்தில் அப்பாவின் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டது, வார இறுதித் தொண்டூழியம் எதுவுமே தாளில் இருக்காது. “அதெல்லாம் ஒரு வேலையா அக்கா?” என்பார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள்: எத்தனை பேர்? எவ்வளவு பணம்? நீ இல்லாவிட்டால் எது நின்றுபோயிருக்கும்? மூன்றாவது கேள்விதான் சாவி. முதலில் தமிழில் கதையாகச் சொல்ல விடுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் உடனே மனப்பாடம் செய்த சொற்கள் வந்து விழும். பிறகு அவரே ஆங்கிலத்தில் எழுதட்டும். ‘உறுப்பினர்’ என்று இருந்த வரி, ‘12 பேர் குழுவுடன் 3,000 வெள்ளி நிதி திரட்டி, 200 பேர் வந்த நிகழ்ச்சியை நடத்தினேன்’ என்பதுபோல ஆகும். எண்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை; ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

விசைப்பலகையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைப் பற்றி நேர்காணலில் இரண்டாவது கேள்வி வந்தால் அவர் திணறுவார்.

நான்காம் படி: ஒத்திகை

அரை மணி நேரக் காணொளி அழைப்பு, பதிவு செய்யுங்கள். பதில் நான்கு துண்டுகளாக வரட்டும்: சூழல், தன் பொறுப்பு, செய்தது, பலன். நம்மவர்கள் சூழலிலேயே மூன்று நிமிடம் தங்கிவிடுவார்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று வரும்போதெல்லாம் நிறுத்தி, “அதில் நீ செய்தது எது?” என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: அறிமுகம்

வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இருபது நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். அறிமுகக் கடிதத்தை மாணவரே எழுதி உங்களுக்கு அனுப்பட்டும். ஆள் எடுக்கும் குழுவில் நீங்களே இருந்தால், இந்த உறவை மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: சம்பளப் பேச்சு

இறுதியாண்டு மாணவருக்கு இது கடைசிப் பாடம். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டால் பலர் கூச்சத்தில் குறைத்துச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் கூட்டாக நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில், ஒவ்வொரு படிப்புக்குமான இடைநிலை மாதச் சம்பளம், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை, இருக்கிறது. தன் படிப்புக்குரிய வரியை அவரே தேடி எடுத்து, அதை ஒட்டிய ஒரு தொகையை உங்கள் எதிரில் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். குரல் இறங்கினால், மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள்.