‘ரெக்கார்ட்’ என்ற சொல்லுக்குச் சரியான தமிழைப் பிடிப்பது எப்படி?

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். சீட்டு போடும் இடத்தில் இருந்த பெண், “பழைய ரெக்கார்ட் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். அம்மா ஒரு நொடி யோசிக்கவில்லை, மஞ்சள் பையிலிருந்து ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள், டாக்டர் எழுதிய பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அதே வாரம் மொழிபெயர்ப்பு பழகும் தம்பி ஒருவர் ஒரு செய்தியைத் தமிழாக்கி அனுப்பியிருந்தார், அதில் ‘சாதனை மழை பெய்தது’ என்று ஒரு வரி. அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார், அகராதியிலும் ‘ரெக்கார்ட்’ என்பதற்குச் ‘சாதனை’ என்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அம்மா அந்தச் சொல்லை அது வந்த இடத்தோடு சேர்த்துக் கேட்டார், தம்பி சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்துப் பார்த்தார்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் இப்போதுதான் இறங்குகிறீர்கள் என்றால், இந்த ஒரு சொல்லை ஒழுங்காகக் கையாளப் பழகுங்கள், மற்ற பல சொற்களுக்கும் இதே வழி உதவும்.

முதல் படி: பெயரா, வினையா?

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பெயராகச் சொல்லும்போது முதல் அசையில் அழுத்தம் விழும், ‘ரெக்கார்ட்’. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும், ‘ரிகார்ட்’. ‘பெர்மிட்’, ‘ஆப்ஜெக்ட்’ போன்ற சொற்களும் இப்படித்தான் நடந்துகொள்ளும். நம் ஊர்ப் பேச்சில் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம், அதனால் காதை மட்டும் நம்பாமல் வாக்கியத்தில் யாராவது எதையாவது செய்கிறார்களா, அல்லது ஒரு பொருளைப் பற்றிப் பேச்சா என்று பாருங்கள். இது அரை நிமிட வேலை. இதைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படிகள் எல்லாம் சறுக்கும்.

இரண்டாம் படி: வேரைத் தொட்டுப் பாருங்கள்

லத்தீனில் ‘கோர்’ என்றால் இதயம். ‘ரெ’ என்றால் மறுபடி. மனதுக்கு மறுபடி கொண்டுவருவது, அதாவது நினைவுகூர்வது என்ற பொருளில் இருந்த சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் நமக்குக் கிடைத்திருப்பது ‘பதி’. ஈரமண்ணில் கால் பதிகிறது, வாத்தியார் சொன்னது மனதில் பதிகிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிகிறோம். பதிவு, பதிவேடு, பதிவாளர், பதிப்பு எல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து முளைத்தவை. மனதில் தங்குவதற்கும் ஏட்டில் தங்குவதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மூன்றாம் படி: என்ன பதிந்தது, எதில் பதிந்தது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ‘பதிவு செய்’ என்று எழுதினால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய பொருந்தும், அதுதான் ஆபத்தும். எங்கே பார்த்தாலும் ‘பதிவு செய்தார்’, ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதி எழுதி அந்தச் சொல் தேய்ந்து கிடக்கிறது. நாம் உண்மையில் எப்படிப் பேசுகிறோம் என்று பாருங்கள். செலவைக் கணக்கில் எழுதுகிறோம். போலீசார் வாக்குமூலம் வாங்குகிறார்கள். பட்டாவில் பெயர் ஏற்றுகிறார்கள். செல்போனில் வீடியோ எடுக்கிறோம். டாக்டர் சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்கிறோம். மழையும் வெயிலும் மட்டும் தாமாகவே ‘பதிவாகின்றன’, அங்கே அந்தச் சொல் அழகாக உட்காருகிறது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே வினை போதும், தமிழில் ஒவ்வொன்றுக்கும் அதற்கான கை அசைவு இருக்கிறது.

கல்லில் பதிவது என்றால், அதற்கு வினை ‘வெட்டு’. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன், தான் கொடுத்ததையும், அக்கா கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்திலே கல்லில் வெட்டச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறார், அந்த உத்தரவே அங்கே கல்வெட்டாக நிற்கிறது. இதை ‘பதிவு செய்ய ஆணையிட்டார்’ என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் உளிச் சத்தம் போய்விடும். சோழர் காலத்தில் நில வரிக் கணக்கு எழுதிய ஏட்டுக்கு வரிப்பொத்தகம் என்றே பெயர் இருந்தது. அரசாங்க ரெக்கார்டுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் சொல் இருந்திருக்கிறது.

நான்காம் படி: பெயர்ச்சொல் என்றால் பக்கத்து வீட்டைப் பாருங்கள்

பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். உலகம், ஓட்டம், கிரிக்கெட் என்று வந்தால் சாதனை. முத்தையா முரளிதரன் 2010-ல் இலங்கையின் காலி நகர மைதானத்தில் 800-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது சாதனை, யாராவது அதைத் தாண்டினால் சாதனை முறியடிப்பு. ஆனால் மழை சாதிக்க முயலவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, வீடுகள் மூழ்கின, அதைச் ‘சாதனை மழை’ என்று படிப்பவருக்கு எப்படி இருக்கும்? ‘வரலாறு காணாத மழை’, ‘இதுவரை இல்லாத மழை’ என்று எழுதுங்கள். விலை, வெயில், கடன், விபத்து எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மனிதர் முயன்று எட்டியது மட்டும் சாதனை.

போலீஸ், கோர்ட் பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் ‘குற்றப் பின்னணி’ அல்லது ‘பழைய வழக்குகள்’. சட்டமன்றம் பக்கத்தில் வந்தால் அவைக் குறிப்பு: ‘அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது’ என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அரசு ஊழியருக்குப் பணிப்பதிவேடு. கம்ப்யூட்டர் அட்டவணையில் ஒரு வரிசை, அதற்கு ‘பதிவு’ போதும். பாட்டு என்றால் இசைத்தட்டு, பேச்சில் கிராமபோன் ரெக்கார்டு.

சில இடங்களில் மொழிபெயர்க்கவே கூடாது. சயின்ஸ் குரூப் படித்தவர்களிடம் ‘ரெக்கார்ட் நோட்’ என்று சொல்லிப் பாருங்கள், கெட்டி அட்டை, வலது பக்கம் கோடு போட்ட தாளில் செய்முறை, இடது பக்கம் வெள்ளைத் தாளில் பென்சில் படம், கையெழுத்துக்காக வரிசையில் நின்றது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ‘செய்முறைப் பதிவேடு’ என்று எழுதினால் அதில் பாதி வராது. திருவிழா ‘ரெக்கார்டு டான்ஸ்’ கூட அப்படித்தான், அது தமிழாகவே ஆகிவிட்ட சொல்.

ஐந்தாம் படி: ஒரே குடும்பத்துச் சொற்களைக் குழப்பாதீர்கள்

ரெக்கார்ட், ரெஜிஸ்டர், டாக்குமென்ட், லாக், மினிட்ஸ், ஆர்கைவ். இவை ஒன்றுக்கொன்று உறவு, ஆனால் ஒன்று இல்லை.

ரெஜிஸ்டர் என்பது வரிசையாக எழுதும் ஏடு, அதில் பெயர் ஏறினால்தான் சட்டப்படி செல்லும். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் தெரிவித்துப் பதிய வேண்டும் என்கிறோமே, அங்கே இருப்பது இந்தப் பதிவேடு. டாக்குமென்ட் தனித்தாள், தானே சாட்சி சொல்லும். அதற்கு ஆவணம் அல்லது பத்திரம். நாயன்மார் சுந்தரர் கதையில், ‘நீ எனக்கு அடிமை’ என்று சொல்லி முதியவர் ஒருவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார், முதியவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று சொல்லித் திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்கை ஜெயிக்கிறார். ஜெராக்ஸ், ஒரிஜினல் என்று நாம் இன்று சொல்கிற வேறுபாட்டுக்கு அங்கே எவ்வளவு நல்ல சொற்கள்!

லாக் என்பது நேர வரிசையில் எழுதுவது. கப்பலின் வேகத்தை அளக்கக் கடலில் மரக்கட்டையைப் போட்டு, அந்த அளவை எழுதிய புத்தகத்துக்குக் கட்டையின் பெயரே வந்தது. நாமும் வண்டிக்கு ‘லாக் புக்’ என்றே சொல்கிறோம். மினிட்ஸ், கூட்டக் குறிப்பு. மகளிர் குழுவுக்கு எழுதுகிறீர்கள் என்றால் ‘தீர்மான நோட்டு’ என்று எழுதுங்கள், அவர்கள் கையில் இருப்பது அதுதான். ஆர்கைவ், ஆவணக் காப்பகம். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு 1909-ல் வைத்த பெயர் ‘மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ்’, ஆக இந்த இரண்டு சொல்லும் ஒரே கட்டடத்தில் குடியிருந்திருக்கின்றன.

ஆறாம் படி: தொடர்களை மொத்தமாக எடுங்கள்

‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்று நிருபரிடம் ஒருவர் சொன்னால், ‘என் பேரைப் போடாதீங்க, வெளியே எழுதாதீங்க’ என்று அர்த்தம். ‘ஃபார் த ரெக்கார்ட்’ என்பதைப் ‘பதிவுக்காக’ என்று எழுதுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, ‘தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்’ போதும். ‘ட்ராக் ரெக்கார்ட்’ என்றால் இதுவரை நடந்துகொண்ட விதம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைப் பற்றிய தொடர் மட்டும் நமக்கும் அப்படியே பழகிவிட்டது: கீறல் விழுந்த ரெக்கார்டு.

சரி, இப்போது கொஞ்சம் கைப்பழக்கம். அன்றைய நாளிதழில் இந்தச் சொல் வரும் மூன்று வாக்கியங்களைக் கத்தரித்து ஒரு தாளில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயரா வினையா, என்ன பதிந்தது, எதில் பதிந்தது என்று எழுதுங்கள். அப்புறம் ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, அந்தச் செய்தியை வீட்டில் ஒருவருக்கு வாயால் சொல்லுங்கள். வாயில் முதலில் வந்த சொல்லை அப்படியே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘சாதனை மழை’ எழுதிய தம்பி இதைத்தான் செய்தார், அவர் பாட்டியிடம் சொல்லும்போது வாயில் வந்தது: “இந்த மாதிரி மழை இதுக்கு முன்னாடி பெஞ்சதே இல்லையாம் பாட்டி.”