டீசலைத் தின்னாத புரொப்பல்லர்: இழுவைப் படகுக்கு எப்படிப் பொருத்துவது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறி நிற்கும் இந்த 61 நாளில்தான் புரொப்பல்லரைக் கழற்ற முடியும். ஆனால் எதை மாற்றுவது என்று தெரிய வேண்டுமானால், படகு கரையேறும் முன்பே கடலில் அளவெடுத்திருக்க வேண்டும். அளவெடுக்காமல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பட்டறைக்காரர் தன் கையிருப்பில் உள்ள அச்சில்தான் வார்த்துத் தருவார்.

இழுவைப் படகுக்கு இரண்டு வேலை. மடி, அதாவது இழுவலை போடும் இடம்வரை 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்தில் ஓட வேண்டும், அங்கே போனபின் 3 நாட் வேகத்தில் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். ஒரே புரொப்பல்லர் இரண்டுக்கும் சரியாக அமையாது. டீசலின் பெரும்பகுதி இழுவையில் போகிறது என்றால், இழுவைக்குத்தான் பொருத்த வேண்டும். ஓட்டத்தில் அரை நாட் குறைந்தாலும் குறையட்டும்.

ஐஸ், தண்ணீர், டீசல் முழுதாக ஏற்றிய படகில் சோதனை செய்யுங்கள். காலிப் படகு காட்டும் கணக்கு பொய்க் கணக்கு. மடி தண்ணீரில் இருக்கும்போது சில நிமிடம் மட்டும் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, கையடக்க டாக்கோமீட்டரில் எஞ்சின் சுற்றைப் பாருங்கள். எஞ்சின் தகட்டில் 1800 என்று இருக்க, 1650க்கு மேல் ஏறாமல் கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம். பிட்ச் என்பது இறக்கையின் சாய்வு, ஒரு சுற்றில் புரொப்பல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. எளிதாக 1800ஐத் தொட்டு, புகையே இல்லாமல், இழுவையும் மந்தமாக இருந்தால் பிட்ச் குறைவு; எஞ்சினின் சக்தி முழுதாகத் தண்ணீருக்குப் போகவில்லை.

டீசல் செலவை அளக்க, அளவு குறித்த 20 லிட்டர் கேனிலிருந்து எஞ்சினுக்கு ஹோஸ் கொடுத்து, வழக்கமான இழுவைச் சுற்றில் எத்தனை நிமிடத்தில் எத்தனை லிட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும். பலர் அதைப் பெரிய டாங்கிலேயே விட்டுவிடுவதால், எரியாமல் திரும்பிய டீசலும் செலவுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஜிபிஎஸ் வேகத்தை நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிராக ஒரு தடவை எடுத்துச் சராசரி போடுங்கள்.

கரையேறியதும் இப்போதுள்ள புரொப்பல்லரின் உண்மையான பிட்ச் என்ன என்று பாருங்கள். பாஸில், அதாவது இறக்கைகள் சேரும் நடுக் குமிழில், பொறித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு தடவை அடிபட்டு நிமிர்த்தியதில் அது எப்போதோ மாறியிருக்கும். கழற்றிய புரொப்பல்லரைச் சமதளத்தில், படகின் பின்பக்கம் பார்க்கும் முகம் மேலே வரும்படி வையுங்கள். ஷாஃப்ட் துளையில் மரக்கட்டையை இறுக்கி, நடுவில் ஆணி அடித்து, அதில் சுழலும்படி நேரான சட்டம் ஒன்றைக் கிடைமட்டமாகப் பொருத்துங்கள். 36 அங்குல விட்டம் என்றால் ஆரம் 18. அதில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 12.6 அங்குலத்தில், 30 பாகை இடைவெளியில் இறக்கைமேல் இரண்டு புள்ளி குறிக்கவும். சட்டத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஆழம் என்று அளந்து, வித்தியாசத்தை 12ஆல் பெருக்கினால் பிட்ச். வித்தியாசம் 2 அங்குலம் என்றால் பிட்ச் 24. ஒரு மில்லிமீட்டர் தவறினாலே விடை அரை அங்குலம் தவறும் என்பதால் நிதானமாக அளக்கவும். எல்லா இறக்கைகளையும் அளங்கள். ஒன்று 24, இன்னொன்று 22.5 என்று வந்தால் அதிர்வும் டீசல் விரயமும் அங்கிருந்தே தொடங்குகின்றன. முதலில் மூன்றையும் சமப்படுத்த வேண்டும்.

பிட்ச் அதிகம் என்று தெரிந்தால், மேலே சொன்ன 1650 நிலைக்கு இறக்கையை முறுக்கி 24ஐ 22 ஆக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் முறுக்கினால் வெண்கலம் வேர்ப்பகுதியில் விரிசல் விடும். புதிதாக வார்ப்பதே மேல்.

பெரிய மிச்சம் இருப்பது பிட்சில் அல்ல, கியரில். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சத் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். 1800 சுற்று எஞ்சினுக்கு 3:1 கியர் என்றால் ஷாஃப்ட் 600 சுற்று. 4:1 என்றால் 450. அதே சக்தியை 450 சுற்றில் வாங்க, 36 அங்குலத்துக்குப் பதில் ஏறத்தாழ 43 அங்குல விட்டம் வேண்டும். நின்ற இடத்தில் இழுக்கும் விசை, சக்தி மாறாமலே சுமார் 12 சதவீதம் கூடும். 3 நாட் இழுவையிலும் பலன் அதை ஒட்டியே இருக்கும். எஞ்சினைப் பெரிதாக்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தடை, இடம்தான். இறக்கை நுனிக்கும் மேலே உள்ள படகின் அடிப்பலகைக்கும் நடுவில் விட்டத்தில் 15 சதவீதமாவது இடைவெளி வேண்டும். 43 அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். அதற்குக் குறைந்தால் படகு உதறும். இடம் போதாவிட்டால் விட்டத்தைக் குறைத்து நான்கு இறக்கை வைப்பது வழி. இடம் இருந்தால் மூன்றே போதும். கூடுதல் விசையைத் தாங்க ஷாஃப்டின் கனமும் போதுமா என்று பாருங்கள்: கியர் விகிதம் கூடினால் ஷாஃப்டின் முறுக்கு விசையும் அதே விகிதத்தில் கூடும்.

மரப்படகுகளில் இன்னொரு கோளாறு: புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் கட்டை சதுர முனையோடு நிற்கும். அதன் பின்னால் சுழலும் கலங்கல் நீரில்தான் இறக்கை வேலை செய்கிறது. அந்த முனையை இரு பக்கமும் சரிவாகச் செதுக்கிக் கூராக்குங்கள். செலவு ஒரு ஆசாரியின் கூலிதான்.

புரொப்பல்லரைச் சுற்றிப் போடும் வளையமான கார்ட் நாசில், சரியாக அமைந்தால் இழுவிசையைக் கால் பங்குவரை கூட்டும். நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் விட்டத்தில் ஒரு சதவீதத்துக்குள்தான் இடைவெளி இருக்கலாம். ஒரு மீட்டர் புரொப்பல்லருக்கு 10 மில்லிமீட்டர். ஷாஃப்டைப் படகின் பின்முனையில் தாங்கும் ஸ்டெர்ன் பேரிங் தேய்ந்திருக்க, இதைப் பொருத்தினால் இறக்கை வளையத்தில் உரசிவிடும். பழைய கூர்நுனி இறக்கையை உள்ளே வைத்தாலும் பலன் பாதியாகும். அகன்ற தட்டை நுனி கொண்ட காப்லான் வகையே வேண்டும். 10 நாட்டை நெருங்கி ஓடும் படகுக்கு நாசில் பாரம்தான்.

இறக்கையில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி மெருகேற்றுங்கள், ஆனால் தண்ணீரை வெட்டும் விளிம்பைக் கத்திபோல் தீட்டக் கூடாது. அந்த உருண்டை வடிவம் வேண்டும். முன்பக்க முகத்தில் நுனியருகே அரித்த குழிகள் தெரிந்தால் அது கேவிட்டேஷன், நீரில் உண்டாகும் குமிழிகள் உடைந்து உலோகத்தை அரிப்பது: இறக்கையின் பரப்பு போதவில்லை, இன்னும் அகலமானதைக் கேளுங்கள். மஞ்சள் நிறம் போய்ச் செம்பு நிறத் திட்டுகள் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோயிருக்கிறது. அந்த இறக்கையை நிமிர்த்தினால் உடையும். இறக்கைக்குப் பதில் கரைவதற்காகப் பொருத்தும் ஜிங்க் (துத்தநாக) கட்டியை மாற்றாமல் விட்டதன் விளைவு இது.

பெரிய கப்பல்களில் பாஸ் மூடியில் பொருத்தும் துடுப்புகள் 1987 முதல் உண்டு. சில சதவீதம் மிச்சப்படுத்தும். பொருந்தாத புரொப்பல்லரை அவை சரிசெய்யாது.

கடலில் இறக்கியதும் அதே சுமை, அதே மடி, அதே கேனில் மீண்டும் அளவெடுங்கள். முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் 1800க்கு 50 சுற்றுக்கு மேல் குறைந்தால் புரொப்பல்லர் மறுபடி பட்டறைக்குப் போக வேண்டும்.